பேக்கப் டார்ச்: 900 ரூபாய்க்கு நான் கத்துக்கிட்ட பாடம்

1/ போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மேடம், முதல் தடவை நைட் டைவ் போகப் போறேன். மெயின் டார்ச் வாங்கியே பட்ஜெட் காலி. பேக்கப்புக்கு சீப்பா, நல்லதா ஒண்ணு சொல்லுங்க." பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீண்டுகிட்டே போச்சு. அதனால இங்கே த்ரெட்டாவே போடறேன். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/ புதுசா வந்தவங்களுக்கு: நான் மயக்க மருந்து டாக்டர். வேலை ஆபரேஷன் தியேட்டரில். லீவும் காசும் ஒத்து வர்ற வருஷத்தில் கணவரோடு ஸ்கூபா. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அந்த நினைப்பு 18 மீட்டர் ஆழத்தில் போச்சு. டைவிங் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு சின்ன வேலை வச்சிருக்கேன்.

3/ இடம்: பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென். அங்கே கடலுக்குள் யுஎஸ்ஏடி லிபர்ட்டி என்ற அமெரிக்க சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி சுட்ட டார்பிடோவில் அடிபட்டு, இழுத்து வரப்பட்டு, துலாம்பென் கரையில் தட்டி நின்றது. 1963ல் அகுங் எரிமலை வெடித்தபோது கரையிலிருந்து கடலுக்குள் சரிந்தது. சுமார் 120 மீட்டர் நீளம். மேல் பகுதி சில மீட்டர் ஆழத்திலேயே தொடங்கும், அடிப்பகுதி கிட்டத்தட்ட 30 மீட்டர் வரை போகும்.

4/ படகே தேவையில்லை. கறுப்புக் கூழாங்கல் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். நம்ம சிலிண்டரை ஊர்ப் பெண்கள் தலையில் வச்சு சர்வசாதாரணமா கொண்டு வந்து கொடுப்பாங்க. நான் அதை முதுகில் மாட்டிக்கிட்டு நாலு எட்டு வைக்கிறதுக்குள் மூச்சு வாங்கும். அவ்வளவு எளிதா இறங்க முடியறதாலேயே அங்கே நைட் டைவ் பிரபலம். எளிதா இறங்கற இடத்தில்தான் நாம அசட்டையா இருப்போம்.

5/ அன்று என்கிட்ட இரண்டு டார்ச். மெயின் டார்ச் ஓரளவு நல்லது. பேக்கப், ஆன்லைனில் 900 ரூபாய்க்கு வாங்கினது. பெட்டியில் "10,000 லூமன்", "9,900 எம்ஏஹெச்", "ஐபி68 வாட்டர்ப்ரூஃப்", ஐந்து மோடு, எஸ்ஓஎஸ் வேற. "பேக்கப்தானே, எரிஞ்சா போதும்"னு வாங்கினேன். இந்த "தானே" என்ற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

6/ சாயங்காலம் ஆறே முக்காலுக்கு இறங்கினோம். கைடு, என் கணவர், நான். இறங்கும் முன் கைடு ஒவ்வொருத்தர் சிலிண்டர் கழுத்திலும் விரல் நீளத்தில் ஒரு பச்சை விளக்கு மாட்டினார். டேங்க் மார்க்கர்னு சொல்வாங்க. "கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கோம்"னு நான் ஜோக் அடிச்சேன். கரையில் நின்னு இரண்டு டார்ச்சையும் போட்டுப் பார்த்தேன். பளிச்சுன்னு எரிஞ்சது. திருப்தி.

7/ 25 நிமிஷம் இருக்கும். ஆழம் 18 மீட்டர். கப்பலின் ஒரு இடுக்கில் பெரிய கிளிமீன் ஒண்ணு தூங்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கணவரும் கைடும் உடைஞ்ச பக்கச் சுவரைச் சுத்தி முன்னாடி போயிட்டாங்க. என் டார்ச் ஒரு தடவை கண் சிமிட்டிச்சு. உடனே அணைஞ்சு போச்சு.

8/ பயப்படல. பேக்கப் இருக்கே! ஜாக்கெட் பாக்கெட்டில் கை விட்டேன். எழுதற பலகை, கயிறு எல்லாத்துக்கும் அடியில் டார்ச். தடவி எடுத்து பட்டனை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. கை நடுக்கத்தில் இன்னொரு தடவை அழுத்திட்டேன் போல, மங்கலாச்சு. மறுபடி அழுத்தினேன். பட் பட் பட்னு மின்ன ஆரம்பிச்சது. அந்த வெட்டற வெளிச்சத்தில் மேலே எது கீழே எதுன்னே புரியல. இன்னும் இரண்டு அழுத்து. அதுவும் அணைஞ்சது. அப்புறம் எரியவே இல்ல.

9/ இங்கே ஒரு மருத்துவ விஷயம். இருட்டுக்குக் கண் முழுசா பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதுவரை பெரிய வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டிருந்த கண்ணுக்கு, அது அணைஞ்ச முதல் சில நிமிஷம் கிட்டத்தட்ட ஒண்ணும் தெரியாது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே கறுப்பு. தூரத்தில் சுவருக்குப் பின்னால் லேசா ஒரு வெளிச்சம் மட்டும் அசைஞ்சது. அது என்னை விட்டுப் போய்க்கிட்டிருந்தது.

10/ கையில் இருந்த டைவ் கம்ப்யூட்டருக்கு பேக்லைட் உண்டு. ஒரு பட்டன் அழுத்தினா ஆழம் தெரியும், துளி வெளிச்சமும் கிடைக்கும். அது என் ஞாபகத்துக்கே வரல. கரை ஏறி அரை மணி கழிச்சுதான் வந்தது. பயத்தில் மூளை பழகினதை மட்டும்தான் செய்யும், தெரிஞ்சதை எல்லாம் செய்யாது. இதை நான் ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுக்கறவ!

11/ ஒரு இரும்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது, நோயாளி இப்படி மூச்சு விட்டா கவலைப்படற வேகத்தில். ஒன்றரை நிமிஷம் இருக்கலாம். திடீர்னு ஒரு வெளிச்சம் சுவரைத் தாண்டித் திரும்பி நேரா என்கிட்ட வந்தது. கைடு.

12/ அவர் தன் மார்புப் பட்டையிலிருந்து ஒரு கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் டார்ச்சைக் கழட்டி, தலையை ஒரு திருகு திருகி, என் கையில் வச்சார். பெரிய வெளிச்சம் எல்லாம் இல்ல. ஆனா எரிஞ்சது. கட்டை விரலை மேலே காட்டினார். டைவ் முடிஞ்சது, மேலே போறோம்னு அர்த்தம். கேஜைப் பார்த்தேன். அந்த ஒன்றரை நிமிஷத்தில் 15 பார் காத்து போயிருந்தது.

13/ கணக்கு சரிதான். 18 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு. பதட்டத்தில் நிமிஷத்துக்கு 40 லிட்டர் இழுத்தா, சிலிண்டரிலிருந்து 112 லிட்டர் போகும். 11 லிட்டர் சிலிண்டரில் அது நிமிஷத்துக்கு 10 பார். நிதானமா இருக்கும்போது போறதை விட இரண்டு மடங்குக்கு மேல். இருட்டு நேரடியா ஆளைக் கொல்லாது. இருட்டு பயத்தைக் கொண்டு வரும், பயம் காத்தைத் தின்னும், காத்து குறைஞ்சவன் அவசரமா மேலே ஓடுவான். ஆபத்து அந்த ஓட்டத்தில் இருக்கு.

14/ கரைக்கு வந்ததும் கணவர் மேல் பாய்ஞ்சேன். "ஏங்க, ஒரு தடவையாவது திரும்பிப் பாக்க மாட்டீங்களா?" அவர் முகம் வெளுத்துப் போச்சு. "நீ பின்னாடியே வரேன்னு நினைச்சேன்மா." அப்புறம் கைடுகிட்ட எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். அவர் ராத்திரியில் ஆட்களை எண்ண மாட்டாராம். வெளிச்சத்தை எண்ணுவாராம். மூணு இருக்கணும், இரண்டுதான் இருந்தது. திரும்பினார். இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி தெரிஞ்சது. நான் கிண்டல் பண்ணின அந்தக் குட்டி விளக்கு.

15/ அன்று என் மேல் இருந்த மூணு விளக்கில் கடைசி வரை எரிஞ்சது அதுதான். இருந்ததிலேயே விலை குறைவு. மோடு கிடையாது. கரையில் எரிய விட்டா விடிய விடிய எரியும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

16/ ரூமுக்கு வந்து போஸ்ட்மார்ட்டம். இரண்டு டார்ச்சின் பேட்டரியையும் ஒரே சார்ஜரில் போட்டிருந்தேன். மதியம் சாப்பிடப் போகும்போது ரூம் சாவியோட இருந்த அட்டையைக் கழட்டி எடுத்துக்கிட்டோம். அட்டையை எடுத்தா ரூமுக்கே கரண்ட் கட். மூணு மணி நேரம் சார்ஜ் ஏறினதா நான் நம்பிக்கிட்டிருந்தேன், ஏறினது பத்து நிமிஷம்கூட இருக்காது. கரையில் போட்டுப் பார்த்தப்போ எரிஞ்சதே? எரியும். லித்தியம் பேட்டரி காலியாகற கடைசி வரைக்கும் பளிச்சுன்னுதான் எரியும். எரியுதான்னு பார்க்கறது வேற, எவ்வளவு நேரம் எரியும்னு தெரிஞ்சுக்கறது வேற.

17/ அன்றிரவு தூக்கம் வரல. கணவர் மேல் கோபம் போயிடுச்சு, என் மேல் வந்தது. ஏன்னா இந்தப் பாடம் எனக்கு ஏற்கனவே ஒரு தடவை எடுக்கப்பட்ட பாடம். தண்ணியில் இல்ல, தியேட்டரில்.

18/ லாரிங்கோஸ்கோப் தெரியுமா? டார்ச் மாதிரி கைப்பிடி, அதில் மாட்டற வளைஞ்ச உலோகத் தகடு, தகட்டின் நுனிப் பக்கம் ஒரு சின்ன பல்பு. மயக்கம் கொடுத்ததும் வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, குரல்நாண்களைப் பார்த்து, அதன் நடுவில் மூச்சுக் குழாய் போடுவோம். அந்த நேரத்தில் மருந்தின் வேலையால் நோயாளியின் தசை எல்லாம் தளர்ந்திருக்கும். அவரால் சொந்தமா மூச்சு விட முடியாது. அடுத்த சில நிமிஷம் அவருக்கு நாம்தான் பொறுப்பு.

19/ நான் பிஜி முதல் வருஷம். தகடு உள்ளே இருக்கு, குரல்நாண் தெரியுது, குழாயை வாங்கக் கை நீட்டறேன். பல்பு அணைஞ்சு போச்சு. கண்ணுக்கு முன்னால் இருந்த தொண்டை கறுப்புக் குழியாச்சு. எனக்கு வியர்த்துக் கொட்டிச்சு. "இந்தாங்க டாக்டர்" என்று பக்கத்தில் ஒரு கை நீண்டது. தியேட்டர் சிஸ்டர். கையில் இரண்டாவது லாரிங்கோஸ்கோப், ஏற்கனவே விரிச்சு, எரிஞ்சுக்கிட்டு. இருபது விநாடியில் குழாய் உள்ளே. நோயாளிக்கு ஒண்ணும் ஆகல. அப்படி ஒண்ணு நடந்ததே அவருக்குத் தெரியாது.

20/ அப்புறம் கவனிச்சேன். அந்த சிஸ்டர் தினமும் காலையில் முதல் கேஸுக்கு முன்னால் ஒவ்வொரு தகட்டையும் மாட்டி, விரிச்சு, பல்பைத் திருகிப் பார்த்து, வெளிச்சத்தை உள்ளங்கையில் அடிச்சுப் பார்ப்பாங்க. ஒருநாள் கேட்டேன், "நேத்துதானே பாத்தீங்க சிஸ்டர்?" சிரிச்சாங்க. "நேத்து பாத்தது நேத்தைக்கு டாக்டர்." அதிலிருந்து ஒரே ஒரு லாரிங்கோஸ்கோப்போட கேஸ் ஆரம்பிக்கற எத்தனை பிஜிக்களை நான் திட்டியிருக்கேன்! அதே நான், கடலுக்குள் 900 ரூபாய் டப்பாவை நம்பிப் போனேன்.

21/ சரி தம்பி, விஷயத்துக்கு வருவோம். எங்க தியேட்டரில் லட்சக்கணக்கில் விலை போற மயக்க மெஷின் இருக்கும். அது நின்னு போனா? பக்கத்தில் ஒரு ஆம்பு பேக் தொங்கும். ரப்பர் பை, வால்வு, அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். கையால் அமுக்கினா காத்து போகும். மெஷின் எந்தக் காரணத்தால் நின்னாலும் அந்தக் காரணம் இந்தப் பையைத் தொடாது. நல்ல பேக்கப் இப்படித்தான் இருக்கும். மெயினோட மலிவுப் பதிப்பு பேக்கப் ஆகாது. மெயினை விட எளிமையா, மெயின் கெடற காரணத்தால் கெடாததா இருக்கணும்.

22/ இது பட்ஜெட் போடறவங்களுக்கு நல்ல செய்தி. எளிமைன்னா விலையும் குறையும். ஆனா கவனம்: வசதிகள் குறைஞ்சதால் விலை குறைஞ்சிருந்தா நல்லது. சீல் மோசமா இருக்கறதால் விலை குறைஞ்சிருந்தா கெட்டது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஆறு கேள்வி தர்றேன். பிராண்டு கேட்காதீங்க. மாடல் வருஷா வருஷம் மாறும், கேள்விகள் மாறாது.

23/ முதல் கேள்வி: எத்தனை மீட்டர்?
"வாட்டர்ப்ரூஃப்", "ஐபி68" இரண்டும் டைவிங்குக்கு பதில் ஆகாது. ஐபி68ல் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்னு தயாரிக்கறவங்களே சொல்லிக்கலாம். நிறைய போன்களுக்கு அது ஒன்றரை மீட்டர், அரை மணி நேரம்தான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு அட்மாஸ்பியர் அழுத்தம் கூடும். பெட்டியில் "டைவிங், 100 மீட்டர்" மாதிரி ஆழம் எண்ணாக எழுதியிருக்கணும். எழுதலைன்னா அது மழைக்கு நனையாத டார்ச், அவ்வளவுதான்.

24/ இரண்டாவது: எத்தனை மோடு?
சரியான பதில்: ஒண்ணு. ஆன், ஆஃப். மின்னறது, எஸ்ஓஎஸ் எல்லாம் பேக்கப்பில் எதிரி. தலையைத் திருகினா எரியற வகை எனக்குப் பிடிச்சது, ஏன்னா நடுங்கற கையும் அதைத் தப்பா பண்ணாது. ஒரு எச்சரிக்கை: திருகற வகையைக் கொஞ்சமா மட்டும் தளர்த்தி வச்சிருந்தா, ஆழத்தின் அழுத்தமே தலையை உள்ளே தள்ளி எரிய வச்சுடும். நல்லா தளர்த்தி வையுங்க. அதுக்காக ஓ-ரிங் வெளியே தெரியற அளவுக்குத் தளர்த்திடாதீங்க.

25/ மூணாவது: மெயின் டார்ச் கெடற அதே காரணத்தால் இதுவும் கெடுமா?
என் கதை முழுக்க இந்தக் கேள்விதான். இரண்டும் ஒரே சார்ஜரைச் சார்ந்திருந்தா, உண்மையில் உங்ககிட்ட இருக்கறது ஒண்ணரை டார்ச். மெயின் சார்ஜ் ஏத்தற வகைன்னா, பேக்கப் சுவர்க் கடிகாரத்துக்குப் போடற சைஸ் பென்சில் செல்லில் ஓடட்டும். மறக்காம ஆல்கலைன். அது எந்த ஊர் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ட்ரிப்புக்கு ஒரு புது செட். பாதி ஓடின பழசை வீட்டுக் கடிகாரத்துக்குப் போடுங்க, வீணாகாது. ஆல்கலைன்ல இன்னொரு நல்ல குணம்: திடீர்னு சாகாது, மெதுவா மங்கி எச்சரிக்கும்.

26/ நாலாவது: லூமன் கணக்கு உண்மையா?
கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா போதும். 18650ன்னு ஒரு லித்தியம் செல், 18 மிமீ அகலம், 65 மிமீ நீளம். இன்று வாங்கக் கிடைக்கறதில் நல்லதுக்கே கொள்ளளவு 3,500 எம்ஏஹெச் சுமார்தான். "9,900"ன்னு போட்டிருந்தா பொய். அந்த செல்லில் இருக்கற மொத்த சக்தி 12, 13 வாட்-ஹவர். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். 1,000 லூமனுக்கு 10 வாட், அதாவது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 10,000 லூமனுக்கு 100 வாட். ஒரே செல்லில் அது ஓடவே ஓடாது. ஓடினாலும் ஏழெட்டு நிமிஷத்தில் காலி, கையும் சுட்டுப் போகும்.

27/ அப்போ பேக்கப்புக்கு எவ்வளவு வேணும்? உண்மையான 300 முதல் 500 லூமன் தாராளம். லூமனை விட ஒளிக்கற்றை குறுகலா இருக்கறது முக்கியம். குறுகின ஒளி தூரம் போகும், மிதக்கற தூசியில் பட்டுக் கண்ணைக் கூசாது, மத்தவங்களுக்கு சைகை காட்டவும் உதவும். மெதுவா வட்டம் போட்டா "நான் ஓகே". வேகமா இடமும் வலமும் ஆட்டினா "இங்கே பாரு, பிரச்சனை". என் கணவரின் பார்வையில் ஒரு குறுகின ஒளி குறுக்கே ஓடியிருந்தா, அவர் அப்பவே திரும்பியிருப்பார். பெட்டியில் "எஃப்எல்1"ன்னு இருந்தா ஒரு பொது அளவுமுறையில் அளந்த எண்கள்னு அர்த்தம். அதிலும் ஒரு நுணுக்கம்: அதில் சொல்ற ஓடும் நேரம், வெளிச்சம் பத்தில் ஒரு பங்கா குறையற வரைக்குமான நேரம்.

28/ ஐந்தாவது: எங்கே தொங்கும்?
பாக்கெட்டுக்குள் இருக்கற பேக்கப் பாதி பேக்கப். பின்பக்கம் கயிறு கட்ட ஓட்டை இருக்கணும். அதில் ஒரு கொக்கி மாட்டி மார்புப் பட்டை வளையத்தில் தொங்க விடுங்க. ஆடாம இருக்க, பழைய சைக்கிள் ட்யூபை வளையமா வெட்டி பட்டையோட சேர்த்துப் பிடிக்க வையுங்க. செலவு பூஜ்யம். கடல் குகைக்குள் போறவங்க ஆளுக்குக் குறைந்தது மூணு விளக்கு வச்சிருக்கணும்னு விதி. அவங்கள்ல பலர் பேக்கப் இரண்டையும் இப்படித்தான் மார்பில் வச்சிருப்பாங்க.

29/ ஆறாவது: ஓ-ரிங் எத்தனை, தனியா கிடைக்குமா?
தண்ணியைத் தடுக்கறது அந்த ரப்பர் வளையம்தான். இரண்டு இருந்தா நல்லது. ஒரு முடி, ஒரு மணல் துகள் போதும், தண்ணி உள்ளே வந்துடும். வேடிக்கை என்னன்னா, ஆழத்தில் அழுத்தம் வளையத்தை இறுக்கிப் பிடிக்கும். அதனால் பல கசிவு ஆழமில்லாத இடத்திலேயே ஆரம்பிக்கும். ட்ரிப்புக்கு முன்னால் கழட்டி, பஞ்சு இல்லாத துணியால் துடைச்சு, அந்த வளையத்துக்கு ஒத்துக்கற கிரீஸை மெல்லிசா தடவுங்க. வளையம் பளபளன்னு தெரியணும், கிரீஸ் தெரியக் கூடாது.

30/ வாங்கினதும் மூணு டெஸ்ட். ஒண்ணு: ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணியில் போடுங்க. இது பெரிய ஓட்டையை மட்டும்தான் காட்டும். இரண்டு: புது செல் போட்டு, தண்ணி நிறைஞ்ச பாத்திரத்தில் எரிய விட்டு எத்தனை மணி நேரம் எரியுதுன்னு எழுதி வையுங்க. பெட்டி சொல்றது வேண்டாம், உங்க கணக்கு போதும். மூணு: முதல் பகல் டைவில் பேட்டரி இல்லாம, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வச்சு மூடி எடுத்துட்டுப் போங்க. கரைக்கு வந்து திறந்து பாருங்க. பேப்பர் காய்ஞ்சிருந்தா பாஸ். நனைஞ்சிருந்தா ஒரு பேப்பரோட போச்சு.

31/ டாக்டரா ஒரு எச்சரிக்கை, இதை யாரும் தாண்டிப் போகாதீங்க. உள்ளே தண்ணி போன டார்ச்சில் வாயு உண்டாகி அழுத்தம் ஏறியிருக்கலாம். அதைத் திறக்கும்போது மூடி தோட்டா மாதிரி பாயலாம். முகத்துக்கு நேரா பிடிச்சுத் திறக்கவே கூடாது. கண்ணாடி போட்டுக்கிட்டு, ஆள் இல்லாத பக்கம் திருப்பி, மெதுவா தளர்த்துங்க. கசிஞ்ச ஆல்கலைன் செல்லில் காரம் இருக்கும். கண்ணில் பட்டா உடனே ஓடற தண்ணியில் விடாம கழுவிக்கிட்டே கண் டாக்டர்கிட்ட போங்க. ட்ரிப் முடிஞ்சதும் செல்லைக் கழட்டி வையுங்க.

32/ ஃப்ளைட்டில் போறவங்க: தனியா இருக்கற லித்தியம் செல் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. கைப்பையில், முனைகளை மூடி, டப்பாவில் போட்டு எடுத்துட்டுப் போகணும். டார்ச்சிலிருந்து செல்லைக் கழட்டிடுங்க. பெட்டிக்குள் தவறி எரிஞ்சா தண்ணியில் சூடு தணியற மாதிரி அங்கே தணியாது.

33/ காசு செலவில்லாத ஒரு விதி: பேக்கப் கைக்கு வந்த நொடி டைவ் முடிஞ்சது. அது இன்னும் நாலு மீன் பார்க்க இல்ல, வீட்டுக்கு வர. தியேட்டரிலும் அப்படித்தான். ஆம்பு பேக்கை அமுக்கிக்கிட்டு யாரும் புது ஆபரேஷன் ஆரம்பிக்க மாட்டோம்.

34/ இன்னொண்ணும் இலவசம்: பழக்கம். நீச்சல் குளத்திலோ, கரையில் உட்கார்ந்தோ, கண்ணை மூடி ஒரே கையால் பேக்கப்பைத் தொட்டு, கழட்டி, எரிய வையுங்க. பத்து தடவை. கம்ப்யூட்டர் பேக்லைட் பட்டனையும் சேர்த்து. அந்த ராத்திரி என் மூளை எதைச் செஞ்சது, எதை மறந்ததுன்னு சொன்னேன் இல்லையா? கை பழகியிருந்தா மூளை மறந்தாலும் பரவாயில்ல.

35/ இப்போ நான் வச்சிருக்கறது ஒரு பிளாஸ்டிக் டார்ச். நாலு பென்சில் செல், ஒரு திருகு, ஒரு வெளிச்சம். நாலாயிரத்துச் சொச்சம். 900 ரூபாய் டார்ச்சோட ஒப்பிட்டா நாலு மடங்குக்கு மேல். ஆனா அந்த ட்ரிப்புக்கு ஆன மொத்தச் செலவில் அது எத்தனை சதவீதம்னு கணக்குப் போட்டப்போ வெட்கமா இருந்தது. தம்பி, இப்போ உங்ககிட்ட அந்தக் காசு இல்லைன்னா இந்த மாசம் பகல் டைவ் போங்க. இல்ல, டைவ் கடையில் நல்ல பேக்கப் வாடகைக்குக் கேட்டு, இந்த ஆறு கேள்வியையும் அவங்ககிட்ட கேளுங்க. மீன் எங்கேயும் போயிடாது.

36/ போன வருஷம் மறுபடி துலாம்பென் போனோம். அதே கைடு. இறங்கும் முன் சிலிண்டரில் பச்சை விளக்கு மாட்ட வந்தார். நான் ஜோக் அடிக்கல. கணவர் இப்போ நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்கறார். சில சமயம் மீனை விட என்னைத்தான் அதிகம் பார்க்கறார், கல்யாணமான புதுசில்கூட இப்படி இல்ல. புது பேக்கப் டார்ச்சை அவசரத்துக்கு இதுவரை ஒரு தடவைகூட எரிய விட்டதில்ல. ஆனா ஒவ்வொரு டைவுக்கு முன்னாலும் திருகி, உள்ளங்கையில் வெளிச்சம் அடிச்சுப் பார்க்கறேன். நேத்து பாத்தது நேத்தைக்கு.

37/ டைவிங்கே போகாதவங்களுக்கு நான் சொன்ன வேலை: இன்று ராத்திரி, வீட்டில் கரண்ட் போனா எடுக்கணும்னு வச்சிருக்கற டார்ச்சைக் கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. எங்கே இருக்குன்னு கை கண்டுபிடிக்குதா? எரியுதா? உள்ளே செல் கசிஞ்சு பச்சை பூத்திருக்கா? அவ்வளவுதான். என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கீழே எழுதுங்க.